வட்டத்துக்குத் தைத்த அங்கிகள்

மொன்ட்ரியாலின் சபனெல் தெருவில் நான் வேலை செய்த தையல் தொழிற்சாலையை மூடியபோது எனக்கு நாற்பது வயது இருக்கும். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. தையல் வேலையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிநாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பழைய மெஷின்களை முதலாளிகள் விற்றுக் கழித்தபோது நானும் ஒன்றை வாங்கி, சென்ட் லோரன்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் ஜன்னலோரமாக வைத்துக்கொண்டேன். சாரி பிளவுஸ், தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளின் சட்டை, நீளம் குறைக்க வேண்டிய கால்சட்டைகள் என்று தெரிந்தவர்கள் கொண்டுவந்து தருவதைத் தைத்தேன்.

தொழிற்சாலையின் வெட்டுப் பகுதியில் ஒரு கியூபெக் பெண் இருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், மகளைத் தனியாக வளர்த்தவர். மதியத்தில் ஒரே மேசையில் சாப்பிடுவோம். என் பிரெஞ்சு முழுவதும் அவர் வாயிலிருந்து வந்ததுதான். கியூபெக்காரர்கள் கோபம் வந்தால் பூசைப் பாத்திரங்களின் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த எனக்கு முதல் மாதங்களில் அதைக் கேட்கக் காது கூசியது. பிறகு நூல் அறுந்தால் நானும் அப்படியே திட்டப் பழகிவிட்டேன்.

தொழிற்சாலை மூடி ஒரு வருடம் ஆன பிறகு, ஒரு வசந்த காலத்தில் அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். தன் நண்பிகளுக்கு நீள அங்கிகள் வேண்டும் என்றார். அடுத்த நாளே துணிகளோடு வந்துவிட்டார். எல்லாம் நல்ல பருத்தி. ஊதா, பச்சை, கடல்நீலம். கை அகலமாக இருக்க வேண்டும், கழுத்தில் பட்டன் வேண்டாம், கால் தடுக்காத நீளம் போதும் என்றார்.

"நாடகத்துக்கா?" என்று கேட்டேன்.

"இல்லை. வழிபாட்டுக்கு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "நான் விக்கா. உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் சொல்ல மனம் வரவில்லை."

எனக்கு அந்தச் சொல் தெரியாது. அவர் விளக்கிக்கொண்டு போகையில் நடுவில் சூனியக்காரி என்பதற்கான பிரெஞ்சுச் சொல் வந்தது. அது எனக்குத் தெரியும். என் மகளின் பள்ளிக்கூடப் படப் புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். கையிலிருந்த அளவு நாடாவைச் சுருட்டி மேசையில் வைத்தேன்.

"பிசாசைக் கும்பிடுவீர்களா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பிசாசு உங்கள் ஆள். எங்களிடம் அவன் கிடையாது. எங்களுக்கு ஒரு தேவி இருக்கிறாள். நிலவு இருக்கிறது. வருடத்தில் எட்டுத் திருநாள் இருக்கிறது. ஒருவருக்கும் தீங்கு செய்யக் கூடாது. அவ்வளவுதான்."

பத்து வருடம் என்னோடு ரொட்டியைப் பகிர்ந்து சாப்பிட்ட மனுசி. என் மகள் பிறந்தபோது பிரசவ விடுதிக்கு முதலில் வந்தவர். துணியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் என் கணவர் வேலைக்குப் புறப்படும்போது விசயத்தைச் சொன்னேன். அவர் ஒரு பண்டசாலையில் வேலை செய்துவந்தார். பிறப்பால் சைவர், எங்களுடையது கலப்புக் கல்யாணம். சப்பாத்தில் ஒரு காலை விட்டபடி அப்படியே நின்றார்.

"நீர் சூனியக்காரருக்கோ உடுப்புத் தைக்கப் போறீர்?"

"அவை சூனியம் செய்யிறேல்லையாம். தேவியைக் கும்பிடுகினமாம். வட்டம் போட்டு, நாலு திசைக்கும் வணக்கம் சொல்லி, விளக்குக் கொளுத்தி."

அவர் மற்றக் காலையும் விட்டுக்கொண்டு யோசித்தார். "இதுக்கோ பயந்தனீர்? இது எங்கடை ஆக்கள் மாதிரியல்லோ கிடக்கு."

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் தமிழ்க் குருவானவரிடம் ஒரு வார்த்தை கேட்டேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். "தைக்கிறதிலை பிழை சொல்லமாட்டன், பிள்ளை. ஆனா அவையின்ரை சடங்குகளுக்குப் போகாதையும். எனக்கு விருப்பமில்லை" என்றார். ஓம் ஃபாதர் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்போது போகும் எண்ணம் எனக்கு இருக்கவும் இல்லை.

அங்கிகளைத் தைத்துக் கொடுத்தேன். அதன்பின் தோழி அடிக்கடி வந்தார். தைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் தேத்தண்ணீர் குடிக்க வருவார். அப்படித்தான் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது, விக்கா என்பது ஒரே கூட்டமல்ல என்று. அவருடைய குழுவில் பெண்கள் மட்டும்தான். தேவியை மட்டுமே வழிபடுவார்கள், ஆண்களை வட்டத்துக்குள் விடுவதில்லை. டயானா என்ற தேவியின் பெயரால் அந்த மரபை அழைத்தார்கள். அந்தக் குழுவில் இருந்த பலர் ஆண்களிடம் அடியும் வசையும் வாங்கியவர்கள் என்று ஒரு நாள் சொன்னார். தன்னையும் சேர்த்துச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அவர் மகள் அந்த வட்டத்தின் ஓரத்தில் விளையாடி வளர்ந்த பிள்ளை. வளர்ந்ததும் விலகிவிட்டாள். விக்காவை விட்டுவிடவில்லை, கூட்டத்தைத்தான் விட்டாள். புத்தகங்களில் படித்ததையும் இணையத்தில் பார்த்ததையும் சேர்த்து, தன் வீட்டுக் குசினி மேசையில் ஒரு மெழுகுதிரியும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்துத் தனியாக வழிபட்டாள். குரு இல்லை, குழு இல்லை. இப்படித் தனிவழியில் போகிறவர்கள்தான் இப்போது அதிகமாம். தாய்க்கு அது பிடிக்கவில்லை.

"கண்டதையும் எடுத்து ஒரே சட்டியில் போடுகிறாள்" என்றார்.

"சட்டியில் என்ன வருகிறது? சாப்பிட முடிகிறதா?" என்று கேட்டேன்.

"அவளுக்கு முடிகிறது" என்றார், கொஞ்சம் கோபத்தோடு.

அடுத்த வருடம் அந்த மகளுக்குக் கல்யாணம் முடிவாயிற்று. சட்டப்படியான பதிவை நீதிமன்றக் கட்டடத்தில் செய்துவிட்டு, ஜூன் மாதத்தில் விக்கா முறையில் கை கட்டும் சடங்கு வைப்பதாகத் திட்டம். மணமக்களின் கைகளை ஒரு கயிற்றால் சேர்த்துக் கட்டுவதால் அந்தப் பெயர். மாப்பிள்ளையும் விக்காதான். ஆனால் மூன்றாவது வகை.

உடுப்புக்கு அளவெடுக்க ஒரு ஞாயிறு பின்னேரம் தோழியும் மகளும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை நெட்டையான, கூச்ச சுபாவமுள்ள பையன், ஆங்கிலம் பேசும் குடும்பம். ஒரு விமானப் பாகத் தொழிற்சாலையில் வரைபட வேலை. தோள் அளவை எடுத்துக்கொண்டே, "உங்கள் குழுவில் மற்றவர்களுக்கும் அங்கி தைக்க வேண்டுமா?" என்று கேட்டேன். யாவாரம் நன்றாக நடக்கும் என்ற எண்ணம் எனக்கு.

"எங்களுக்கு வேண்டாம்" என்றான்.

"ஏற்கெனவே வைத்திருக்கிறீர்களா?"

"இல்லை..." காது சிவந்துபோனது. "நாங்கள் வட்டத்துக்குள் உடுப்பே இல்லாமல்தான் வழிபடுவோம்."

தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த என் கணவர் கதவடியிலேயே திரும்பிக் குசினிக்குள் போய்விட்டார். மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். தோழி மட்டும் சிரிக்கவில்லை.

பையன் பொறுமையாக விளக்கினான். அவர்களுடையது இங்கிலாந்தில் தொடங்கி ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு வந்த மரபு. தானாகச் சேர முடியாது. ஏற்கெனவே உள்ளவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று படிகள் உண்டு. தேவியும் தேவனும் இணையாக இருப்பார்கள், வட்டத்தில் ஆணும் பெண்ணும் இணையாக நிற்பார்கள். உள்ளே நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம். இடுப்பில் கட்டும் கயிறுதான் அவர்களுக்கு உடுப்பு. அதே வேரிலிருந்து கிளைத்த இன்னொரு கூட்டத்தார் அங்கி போடுவார்களாம். அவர்கள் வேண்டுமானால் என்னிடம் வரக்கூடும் என்று ஆறுதல் சொன்னான்.

பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. சடங்கை யார் நடத்துவது? பையனின் குழுத்தலைவி நடத்தினால் சத்தியம் செய்யாத மணப்பெண்ணே வட்டத்துக்குள் வர முடியாது. தோழியின் குழு நடத்தினால் மாப்பிள்ளைக்கே இடமில்லை.

"என் பெண்களுக்கு நான் என்ன சொல்வேன்?" என்று தோழி கேட்டார். "இருபது வருடமாக நாங்கள் காப்பாற்றிய வட்டம் அது. ஒரு ஆண் கால் வைத்ததில்லை."

"அம்மா, அது உங்கள் வட்டம். நான் என்னுடையதைக் கேட்கிறேன்."

"உன்னுடையது என்று ஒன்று எங்கே இருக்கிறது? குசினி மேசை!"

மகள் ஜன்னலடிக்குப் போய் நின்றாள். வெளியே பஸ் ஒன்று நின்று புறப்பட்டது. பையன் கைகளை விரித்தபடி, அளவெடுக்கும் நிலையிலேயே நின்றுகொண்டிருந்தான். கையை இறக்கலாமா என்று கேட்கக்கூட அவனுக்குத் துணிவில்லை.

ஏதாவது பேச வேண்டும் போல இருந்ததால் என் கல்யாணக் கதையைச் சொன்னேன். தேவாலயத்தில் பூசைக்குக் கிடைத்த நேரமும் ஐயர் குறித்துத் தந்த முகூர்த்தமும் ஒரே நேரமாகப் போயிற்று. ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் சனிக்கிழமை தேவாலயத்திலும் ஞாயிற்றுக்கிழமை கோயிலிலுமாக இரண்டு தரம் கட்டினோம். என் தகப்பனார் சனிக்கிழமை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

"வரவே இல்லையா?" என்று தோழி கேட்டார்.

"வரவில்லை. சில மாதம் கழித்து வீட்டுக்குச் சாப்பிட வந்தார். என் மாமியாரோடு நல்ல சிநேகம் ஆகிவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் படங்களைக் காட்டினால் பார்க்க மாட்டார்."

தோழி மகளின் இடுப்பு அளவைத் தானே எடுத்து என்னிடம் சொன்னார். வெட்டுப் பகுதியில் இருந்தபோது எப்படிச் சொல்வாரோ அப்படி, இலக்கத்தை மட்டும்.

அவர்கள் போனதும் என் கணவர் குசினியிலிருந்து வெளியே வந்தார்.

"போயிட்டினமோ?"

"போயிட்டினம். நீங்கள் ஏன் ஒளிச்சனீங்கள்?"

"பின்னை என்ன, அந்தப் பெடியன் அப்பிடிச் சொல்லேக்கை எந்த முகத்தோடை தேத்தண்ணி குடுக்கிறது?" கதிரையில் உட்கார்ந்தார். "ஆனா ஒண்டு. மூண்டு படி எண்டானல்லோ. எங்களிட்டையும் மூண்டு தீட்சை இருக்கு. சமய தீட்சை, விசேட தீட்சை, நிர்வாண தீட்சை."

"நிர்வாணமோ!"

"அது முத்திக்குச் சொல்லுற பேரப்பா. உடுப்போடைதான்." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அன்று முழுவதும் நினைத்து நினைத்துச் சிரித்தோம்.

ஒரு வாரம் கழித்துத் தோழி கூப்பிட்டார். மகளும் மாப்பிள்ளையும் போய் அந்தக் குழுத்தலைவியோடு பேசியிருக்கிறார்கள். எங்கள் மரபுச் சடங்கு எங்களுக்குள்ளேயே இருக்கட்டும், எந்த நூலகத்திலும் எவரும் வாசிக்கக்கூடிய வார்த்தைகளைச் சொல்லித் திறந்த வட்டம் ஒன்று போட்டுத் தருகிறேன் என்று அந்தத் தலைவி சம்மதித்தாராம். எல்லோரும் உடுப்போடு வரலாம். யாரும் வட்டத்துக்குள் நிற்கலாம்.

"நீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் போகிறேன்" என்றார். "என் பெண்களுக்கும் சொல்லிவிட்டேன். நீயும் வர வேண்டும். கயிறு நீதான் பின்ன வேண்டும்."

குருவானவர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனாலும் வருகிறேன் என்றேன். தெரிந்த பிள்ளையின் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க என்னால் முடியாது.

தாய் வெள்ளைத் துணி கொண்டுவந்தார், மாப்பிள்ளை சிவப்பு, மகள் தன் பழைய பச்சைப் பாவாடை ஒன்று. மூன்றையும் நீளக் கிழித்துத் தைத்துப் பின்னினேன். மணப்பெண்ணின் சட்டையைக் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி தைத்தேன். சடங்கு முடிவில் இருவரும் கைகோத்து ஒரு துடைப்பத்தைத் தாண்ட வேண்டுமாம். தடுக்கி விழக்கூடாதே.

சடங்கு மாப்பிள்ளை வீட்டில், நகரத்துக்கு மேற்கே கர்க்லாண்டில். பெரிய வீடு, பின்னால் ஒரே சீராக வெட்டிய புல்தரை. பையனின் தகப்பன் ஓய்வுபெற்ற பொறியியலாளர்; எந்த மதமும் இல்லாதவர். என்னையும் என் கணவரையும் கண்டதும் அவருக்குப் பெரிய நிம்மதி. தன்னைப் போலவே ஒன்றும் விளங்காத இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார் போலும். என் கணவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, "இப்போது என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

"தெற்கே நெருப்பு வைப்பார்கள்" என்றார் என் கணவர், எல்லாம் தெரிந்தவர்போல.

புல்தரையின் தெற்கு மூலையில் தகப்பனின் பார்பிக்யூ அடுப்பு நின்றது. அதைத் தள்ளிவைக்கவா என்று தகப்பன் ஓடிவந்து கேட்டார். குழுத்தலைவி, வெள்ளை முடியைக் கொண்டை போட்ட ஆங்கிலப் பெண்மணி, ஒரு பள்ளித் தலைமையாசிரியை மாதிரி இருந்தார். அடுப்பைப் பார்த்தார், திசை பிடிக்கச் சூரியனைப் பார்த்தார். "அது சரியான இடத்தில்தான் நிற்கிறது. இருக்கட்டும்" என்றார். அதன் பக்கத்தில் ஒரு மெழுகுதிரியை ஏற்றிவைத்தார்கள்.

தோழியின் குழுவிலிருந்து மூன்று பெண்கள் வந்திருந்தார்கள், நான் தைத்த அங்கிகளில். வட்டத்துக்குள் வரவில்லை. வேலியோரத்து மேப்பிள் மரத்தடியில், கொண்டுவந்த சாலட் பாத்திரங்களைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். முகத்தில் கோபம் இல்லை. ஆனால் அசையவும் இல்லை. தோழி அவர்களோடு கொஞ்ச நேரம் நின்றார். ஒருத்தியின் தோளைத் தொட்டார். பிறகு ஊதா அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புல்தரையைக் கடந்து வந்து வட்டத்துக்குள் புகுந்தார். மகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாங்களும் உள்ளே போனோம். கிழக்குப் பக்கமாக நுழைந்ததும் என் கணவர் கோயில் வழக்கத்தில் வலமாகச் சுற்றி நடந்து போய்த் தன் இடத்தில் நின்றார். "மிகச் சரி. அப்படித்தான் நடக்க வேண்டும்" என்று அந்தத் தலைவி எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்தப் பாராட்டை இவர் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திசைகளை அழைக்கத் தொடங்கினார்கள். என்னை அறியாமல் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். எதிரில் நின்ற தோழி கண்டுவிட்டார். தலையை லேசாக அசைத்தார். காற்று, நெருப்பு, தண்ணீர், மண் என்று ஒவ்வொன்றாக வாழ்த்தினார்கள். தண்ணீரை அழைத்தது தோழிதான். பிரெஞ்சில் ஒரு பாட்டுப் பாடினார். குரல் முதலில் நடுங்கி, பிறகு சரியாகிவிட்டது. மரத்தடியில் நின்ற பெண்கள் அங்கிருந்தே சேர்ந்து பாடினார்கள்.

மகள் தன் வாக்குறுதியைத் தானே எழுதியிருந்தாள். இவனோடு ஒரு வருடமும் ஒரு நாளும் இருப்பேன், பிறகு மனமிருந்தால் மறுபடி கட்டிக்கொள்வேன் என்பது அதன் சாரம். அது அவர்களிடம் உள்ள பழைய முறையாம். என் கணவர் குனிந்து என் காதில் கேட்டார்.

"ஒரு வருசமோ? பேந்து?"

"பேந்து திரும்பக் கேக்க வேணுமாம்."

"எங்களை ஒருத்தரும் திரும்பக் கேக்கேல்லையே."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பியள்?"

"சும்மா இரும், கயிறு கட்டப் போகினம்" என்றார்.

கயிற்றை மணிக்கட்டுகளில் சுற்றி முடிச்சுப் போட்டார்கள். இருவரும் துடைப்பத்தைத் தாண்டினார்கள். பெண் சுலபமாகத் தாண்டினாள். பையன்தான் தடுக்கினான், அவள் இழுத்துப் பிடித்தாள். எல்லோரும் கை தட்டினோம். பக்கத்து வீட்டு மாடி ஜன்னலிலிருந்தும் யாரோ கை தட்டினார்கள். பையனின் தகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.

நான் போய்வந்த கதை எப்படியோ தேவாலயத்தில் பரவிவிட்டது. ஒன்றிரண்டு பேர் சில வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குருவானவர் என்னைக் கூப்பிட்டு, "போனீரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். பெருமூச்சு விட்டு, "பிள்ளையள் சந்தோசமாய் இருக்கினமோ?" என்று கேட்டார். அதற்கும் ஓம் என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

தோழிக்கு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஆண்களோடு வட்டத்தில் நின்றதை அவர் குழுவில் இருவரால் ஏற்க முடியவில்லை. இலையுதிர் காலத்தில், இறந்தவர்களை நினைக்கும் அவர்களுடைய திருநாளுக்கு, அவரை அழைக்கவில்லை. அந்த நாளை அவர் எங்கள் வீட்டில் கழித்தார். அழவில்லை. நான் சமைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டார், காரத்துக்கு மூக்கை உறிஞ்சினார்.

"ஒரு கோயிலிலை சண்டை வந்தாத்தான் அடுத்த கோயில் கட்டுவினம் எண்டு அவவுக்குச் சொல்லும்" என்றார் என் கணவர். "மொன்ட்ரியாலிலை எங்கடை ஆக்கள் அப்பிடித்தானே செய்தவை." நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். தோழி அவரை நிமிர்ந்து பார்த்து, அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

மகள் கணவனின் குழுவில் சேரவில்லை. அவன் அங்கே போகும் நாட்களில் அவள் தாயின் வீட்டுக்கு வந்துவிடுவாள். இருவரும் முதலில் சும்மா சமைத்துச் சாப்பிட்டார்கள். பிறகு ஒரு மெழுகுதிரி ஏற்றினார்கள். பிறகு தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்த இன்னொரு பெண்ணும் வந்து சேர்ந்தாள். ஒரு வருடமும் ஒரு நாளும் கழிந்தபோது மணமக்கள் மறுபடி கை கட்டிக்கொண்டதும் தாயின் குசினியில்தான்.

அடுத்த பனிக்காலத்தில் தோழி ஒரு பை நிறையத் துணியோடு வந்தார். இந்தத் தடவை ஒன்றுக்கொன்று பொருந்தாத நிறங்கள், ஒன்றில் பெரிய பூக்கள்கூட இருந்தன. தன் குசினியில் கூடுகிறவர்கள் அவரவர் விரும்பிய துணியை வாங்கியிருக்கிறார்கள் என்றார்.

"எந்த மரபு இது?" என்று கேட்டேன்.

"இன்னும் பெயர் வைக்கவில்லை."

"ஆண்கள் வரலாமா?"

பூட்ஸைக் கழற்றிக் கதவடியில் வைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்றார். "அதைப் பற்றித்தான் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லி, அளவெடுக்கக் கைகளை விரித்தார்.